ஜெர்மனியில் நண்பர்கள் கிடைப்பார்களா? கிடைப்பார்கள், புதன்கிழமை இரவு ஏழு மணிக்கு

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "அக்டோபரில் முதுகலை படிக்க ஜெர்மனி போகிறேன். ஜெர்மன்காரர்கள் யாரோடும் ஒட்ட மாட்டார்கள் என்கிறார்கள். எனக்கு ஜெர்மன் ஏ1 (ஆரம்ப நிலை) மட்டும்தான் தெரியும். அங்கே நண்பர்கள் கிடைப்பார்களா, இல்லை இரண்டு வருடமும் தமிழ்ப் பசங்களோடு மட்டும்தானா?"

நான் துரிங்கியா மாநிலத்தில், மலைக்காட்டை ஒட்டியிருக்கும் இல்மெனாவ் என்ற ஊரில் படித்தவன். மொத்த ஜனத்தொகையே நாற்பதாயிரத்துக்குள்தான். ஒரு ரயில் நிலையம், ஒரு சந்தைத் திடல், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சுற்றிலும் காடு. பெர்லினிலோ மியூனிக்கிலோ படித்தவர்கள் வேறு கதை சொல்வார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நண்பர்கள் கிடைப்பார்கள். ஆனால் முதல் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருவரும் கிடைக்கவில்லை என்றே தோன்றும். பலபேர் அந்தச் சமயத்தில்தான் "இவங்க இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நானும் கிட்டத்தட்ட சாத்திவிட்டேன்.

முதல் செமஸ்டர் ஆய்வகத்தில் எனக்கு ஜோடியாக ஒரு ஜெர்மன் பையன் வந்தான். நாலு மணி நேரம் சேர்ந்து அளவெடுத்தோம், சிரித்தோம். அவன் பாட்டி ஞாயிற்றுக்கிழமை செய்யும் உருளைக்கிழங்கு உருண்டை வரைக்கும் பேச்சு போனது (துரிங்கியாக்காரர்களுக்கு அது நமக்கு இட்லி மாதிரி, குறை சொல்லிவிடக் கூடாது). சரி, ஒரு நண்பன் கிடைத்துவிட்டான் என்று சந்தோஷமாக அறைக்குத் திரும்பினேன். மறுநாள் நடைபாதையில் எதிரே வந்தான். "ஹலோ" என்றான், போயே போய்விட்டான். நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று என்ன தப்பாகச் சொன்னோம் என்று இரவு வரை மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். ஒன்றுமே இல்லை. அவனுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

நம் ஊரில் ஒரு பஸ் பயணத்தில் கூடப் பழக்கமாகிவிடும். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஒரு மணி நேரத்தில் சகலமும் தெரிந்துவிடும். அங்கே பேச்சு என்பது பேச்சு மட்டும்தான். நன்றாகப் பேசிவிட்டதால் உறவு தொடங்கிவிட்டதாக யாரும் நினைப்பதில்லை. அவர்கள் மொழியே இதைப் பிரித்து வைத்திருக்கிறது. 'பெக்கான்டர்' என்றால் தெரிந்தவர், 'ஃபிராய்ண்ட்' என்றால் நண்பர். ஒரே வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தவனைக் கூடத் தெரிந்தவன் என்றுதான் சொல்வார்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பள்ளிக் காலத்திலிருந்து வரும் மூன்று நான்கு பேர்தான் 'ஃபிராய்ண்ட்'. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயிலேறி அவர்களைப் பார்க்கவே சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். சிற்றூர்ப் பல்கலைக்கழகங்களில் சனி, ஞாயிறு வளாகம் வெறிச்சோடிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். (ஒரு எச்சரிக்கை: 'மைன் ஃபிராய்ண்ட்' என்றால் 'என் காதலன்' என்று அர்த்தமாகிவிடும். 'ஐன் ஃபிராய்ண்ட் ஃபொன் மியர்' என்று சொல்லுங்கள். நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தை இங்கே எழுதப்போவதில்லை.)

அப்படியானால் தெரிந்தவர் எப்போது நண்பராகிறார்? எனக்குப் புரிந்த வரையில், ஒரே இடத்துக்கு, ஒரே கிழமையில், ஒரே நேரத்துக்குத் தொடர்ந்து போய், அங்கே ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்போதுதான். உங்கள் கலகலப்பு, நகைச்சுவை, விருந்தோம்பல் எல்லாம் அதற்கு அப்புறம்.

இல்மெனாவில் விடுதிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் மாணவர்களே நடத்தும் கிளப்கள் இருக்கின்றன. கிழக்கு ஜெர்மனிக் காலத்திலிருந்து வரும் பழக்கம். டிரெஸ்டனிலும் இதே மாதிரி நிறைய உண்டு. பாட்டுப் போடுவது, கல்லாவில் நிற்பது, கிளாஸ் கழுவுவது, மறுநாள் காலை தரையைத் துடைப்பது எல்லாம் மாணவர்கள்தான், சம்பளம் கிடையாது. இரண்டாம் செமஸ்டரில் அப்படி ஒரு கிளப்பில் புதன்கிழமை ஏழு மணி வேலைக்குப் பெயர் கொடுத்தேன். நான் குடிப்பதில்லை, அதனால் தயக்கம் இருந்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த 'அப்ஃபெல்ஷோர்லெ' ஒன்றை முன்னால் வைத்துவிட்டு, கிளாஸ் துடைக்கும் துணியைக் கையில் கொடுத்தார்கள். முதல் மாதம் "அதை எடு", "இதை அங்கே வை" என்பதைத் தாண்டிப் பேச்சே இல்லை. இரண்டாம் மாதம் என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகினார்கள். மூன்றாம் மாதம் ஒரு புதன்கிழமை காய்ச்சலில் போகவில்லை. எட்டு மணிக்குச் செய்தி வந்தது: "எங்கே இருக்கிறாய்? ஏதாவது வாங்கி வரட்டுமா?" அரை மணி நேரத்தில் ஒருவன் சூப் பாக்கெட்டும் ஆரஞ்சுப் பழமுமாக வாசலில் நின்றான். அதுவரை என்னிடம் மொத்தமாக நூறு வார்த்தை பேசியிருப்பானா என்பதே சந்தேகம்.

கிளப் பிடிக்காதா? வேறு எவ்வளவோ இருக்கிறது. ஜெர்மனி சங்கங்களின் நாடு. 'ஃபெரைன்' என்பார்கள். நாட்டில் பதிவு செய்யப்பட்ட ஃபெரைன்கள் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல். முயல் வளர்ப்பவர்களுக்குக் கூடச் சங்கம் உண்டு, நான் கேலி செய்யவில்லை. இல்மெனாவ் மாதிரி சின்ன ஊரிலேயே 1950லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் மாணவர் வானொலி இருக்கிறது, விடுதிகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் மாணவர் சங்கம் இருக்கிறது, பந்தயக் கார் கட்டும் குழு இருக்கிறது. 1993 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உலகம் முழுக்க இருந்து மாணவர்களை வரவழைத்து ஒரு சர்வதேச வாரம் நடத்துகிறார்கள். அதற்கும் மாதக் கணக்கில் ஆள் தேவைப்படும். உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். அப்புறம் 'ஃபாக்ஷாஃப்ட்' எனப்படும் துறை மாணவர் குழு. பழைய தேர்வுத்தாள்கள் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும் என்பதால் எப்படியும் ஒருநாள் அந்தக் கதவைத் தட்டுவீர்கள். முதல் வாரமே தட்டிவிடுங்கள்.

அடுத்தது நேரம். நாம் விடைபெறும்போது "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்வது மரியாதைக்கு. அங்கே நான் அப்படி ஒருவரிடம் சொன்னேன். அவர் உடனே போனை எடுத்து நாட்காட்டியைத் திறந்து "என்றைக்கு?" என்றார். நான் விழித்தேன். கடைசியில் இரண்டு வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை மாலை ஆறரை மணி என்று முடிவானது. நடுவில் ஒரு நினைவூட்டல் கூட இல்லை. வியாழக்கிழமை ஆறு இருபத்தொன்பதுக்கு அழைப்பு மணி அடித்தது. நான் அப்போதுதான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

இப்படி முன்கூட்டியே நாளும் நேரமும் குறிப்பதை 'டெர்மீன்' என்பார்கள். அந்தச் சொல்லைப் பலர் கேலி செய்கிறார்கள். எனக்கு இப்போது அது மரியாதையாகப் படுகிறது. நாட்காட்டியில் உங்களை எழுதிவிட்டார் என்றால் அந்த மாலை உங்களுடையது, நடுவில் வேறு எதற்காகவும் நகர்த்த மாட்டார். அதனால் நீங்களும் "பார்க்கலாம்", "ட்ரை பண்றேன்" என்று இழுக்காதீர்கள். வர முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தால்தான் மறுபடி கூப்பிட மாட்டார்கள். ஒரு வேடிக்கை: இதே ஊரில் கால அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று போட்டிருந்தால் வகுப்பு கால்மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கும். பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்கு. வகுப்பு முடிந்ததும் கை தட்டாமல் மேஜையை விரல் முட்டியால் தட்டுவார்கள். முதல் நாள் எனக்குப் பயமாகவே இருந்தது.

பணமும் அப்படித்தான். உணவகத்தில் 'சேர்த்தா, தனித்தனியா' என்று பரிமாறுபவரே கேட்பார். தனித்தனி. "நான் தர்றேன், நீ எடுக்காதே" என்று மல்லுக்கட்டினால் எதிரில் இருப்பவருக்குச் சங்கடம். உங்களுக்கும் அது கட்டாது. விசாவுக்காக முடக்குக் கணக்கில் (மாதாமாதம் ஒரு அளவு மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்டும் தொகை 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ, மாதத்துக்கு 992. வாடகையும் காப்பீடும் போக மிச்சத்தில் உபசாரம் செய்ய முடியாது. வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் "என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்பார்கள். "ஐயோ, ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லாமல் சாலட் என்று சொல்லுங்கள்.

பிறந்தநாளுக்கு இரண்டு விதிகள். ஒன்று, நாளுக்கு முன்னால் வாழ்த்தக் கூடாது, அபசகுனம். நாளை ஊருக்குப் போகிறேன், அதனால் இன்றே வாழ்த்திவிடுகிறேன் என்று நான் சொன்னபோது அந்தப் பெண் நிஜமாகவே காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டு, கேக் கொண்டுவர வேண்டியது பிறந்தநாள்காரர்தான். உங்கள் பிறந்தநாள் அன்று நீங்களே ஆய்வகத்துக்கோ கிளப்புக்கோ கேக் எடுத்துக்கொண்டு போகாவிட்டால் யாருக்கும் தெரியவே தெரியாது. கேசரி கிண்டி எடுத்துப்போனேன். பாத்திரத்தை வழித்தார்கள்.

மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலைக்கு ஏ1 போதும், பாஸாகிவிடலாம். நட்புக்குப் போதாது. ஆறு ஜெர்மன்காரர்களும் நீங்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால், முதல் பத்து நிமிடம் உங்களுக்காக ஆங்கிலத்தில் பேசுவார்கள். பிறகு யாரோ ஒரு ஜோக் சொல்வார், ஜோக் ஜெர்மனில்தான் வரும், அப்புறம் எல்லாமே ஜெர்மன்தான். வேண்டுமென்று செய்வதில்லை. நாம் நாலு தமிழர் சேர்ந்தால் நடுவில் இருக்கும் ஒடியாக்காரனை என்ன செய்கிறோமோ அதேதான்.

பல்கலைக்கழக மொழி மையத்தில் ஜெர்மன் வகுப்பு பெரும்பாலும் இலவசம் அல்லது மலிவு. முதல் செமஸ்டரிலேயே சேர்ந்துவிடுங்கள். "பாடச்சுமை குறையட்டும், அடுத்த செமஸ்டர்" என்பவர்கள் கடைசி வரை சேர்வதில்லை. பி1 (இடைநிலை) வந்த பிறகு எனக்கு ஊரே வேறாகத் தெரிந்தது. சரியான இலக்கணம் யாருக்கும் தேவையில்லை, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பாலுக்கு ஏற்ப வரும் 'டெர், டீ, தாஸ்' தப்பாக வந்தால் வரட்டும். அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறும்போது "தயவுசெய்து ஜெர்மனிலேயே பேசுங்கள், மெதுவாக" என்று கேளுங்கள். டாண்டம் என்று ஒரு ஏற்பாடும் உண்டு. நீங்கள் ஒருவருக்கு ஒரு மொழி, அவர் உங்களுக்கு ஜெர்மன். தமிழ் கற்க ஆள் கிடைப்பது அபூர்வம், ஆனால் ஆங்கிலத்துக்குக் கிடைப்பார்கள். மாணவர்களுக்குள் எல்லோரும் 'டூ'தான். பேராசிரியர், அலுவலகம், பக்கத்து வீட்டுப் பாட்டி என்றால் 'ஸீ'. நீ, நீங்கள் என்று பழகிய நமக்கு இதில் கஷ்டமே இல்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவன்தான் திணறுவான்.

விடுதியில் பொதுச் சமையலறை உள்ள தளம் கிடைத்தால் அதை எடுங்கள். தனிச் சமையலறை உள்ள அறை வசதிதான், ஆனால் ஒரு குளிர்காலம் முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் இருந்துவிடலாம். என் ஜெர்மன் அல்லாத நண்பர்கள் அத்தனை பேரும் சமையலறையில் கிடைத்தவர்கள்: ஈரான், கொலம்பியா, உக்ரைன். ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பசியில் இருப்பதால் அவர்களோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். தாளிப்பதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புகை எச்சரிக்கைக் கருவி அலறினால் முழுத் தளமும் படிக்கட்டில் நிற்கும். வெளியே பகிர்வு வீடு தேடினால் (அதை 'வேகே' என்பார்கள்) பெண் பார்க்கும் படலம் மாதிரி ஒரு நேர்காணல் இருக்கும். ஏற்கெனவே இருப்பவர்கள் டீ கொடுத்து உங்களை எடைபோடுவார்கள். அங்கே சுத்தம் செய்யும் முறை அட்டவணையாகக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும். அந்த வாரம் உங்கள் பெயர் இருந்தும் கழிப்பறை கழுவப்படவில்லை என்றால் நேருக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். சொல்லி முடித்ததும் அவர்களுக்கு அது முடிந்துபோன விஷயம். நாம்தான் ஒரு வாரம் மனதில் வைத்துப் புழுங்குவோம்.

இனி தமிழ்ப் பசங்க. "அவர்களோடு மட்டும்தானா" என்று நீங்கள் கேட்ட தொனியில் கொஞ்சம் இளக்காரம் தெரிந்தது. வேண்டாம். ரயில் நிலையத்தில் இரவு பதினொரு மணிக்குப் பெட்டியோடு இறங்கும்போது வந்து நிற்கப்போவது அவர்கள்தான். முகவரிப் பதிவு, வங்கி, காப்பீடு என்று முதல் மாதத்தின் அத்தனை காகிதத்தையும் சீனியர்கள்தான் தள்ளிவிடுவார்கள். 2022-23 குளிர்கால செமஸ்டரில் சீனர்களைத் தாண்டி இந்தியர்கள்தான் ஜெர்மனியின் வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம், அப்போதே சுமார் 43,000 பேர். ஆங்கில முதுகலை வகுப்புகள் சிலவற்றில் பாதிப் பேர் நம் ஆட்களாக இருக்கலாம். ஆபத்து அதில்தான் இருக்கிறது. எதுவும் செய்யாமல் சும்மா இருந்தாலே முழு வாழ்க்கையும் அந்த வாட்ஸ்அப் குழுவுக்குள் முடிந்துவிடும். சேர்ந்து சமைப்பது, சேர்ந்து படிப்பது, இரவு பத்து மணிக்குமேல் சத்தம் போட்டுப் பக்கத்து அறைக்காரரிடம் சேர்ந்து திட்டு வாங்குவது. நான் பார்த்த வரையில் நன்றாக இருந்தவர்கள் வாரத்தில் ஒரு மாலையை மட்டும் வெளியே ஒதுக்கி, அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதவர்கள்.

ஈழத் தமிழர்களையும் சந்திப்பீர்கள். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்து நாற்பது வருடமாக அங்கே வேர்விட்டவர்கள். மேற்குப் பகுதியில், ரூர் வட்டாரத்தில் அதிகம். ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. கோடையில் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். சனிக்கிழமைகளில் பல ஊர்களில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். அண்ணா, அக்கா என்று பழகினால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் அன்பு உங்களைத் திணறடிக்கும். எப்படி வந்தீர்கள் என்று மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள்.

குளிர்காலத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள். குளிரைவிட இருட்டுதான் ஆளை அடிக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், டிசம்பரில் நாலேகாலுக்கே சூரியன் போய்விடும். ஞாயிறு கடைகள் கிடையாது. டிசம்பர் 24 மத்தியானத்தோடு எல்லாம் மூடிவிடும், 25, 26 இரண்டும் விடுமுறை. ஜெர்மன்காரர்கள் குடும்பத்தோடு இருப்பார்கள். என் முதல் கிறிஸ்துமஸில் விடுதித் தளத்தில் நான் ஒருவன்தான், பாலும் தீர்ந்துவிட்டது. அந்த மூன்று நாளுக்கு மட்டும் நவம்பரிலேயே யாரோடாவது திட்டம் போட்டு வையுங்கள். தூக்கம் கெட்டு, வகுப்புக்குப் போகவே மனமில்லை என்ற நிலை இரண்டு வாரம் நீடித்தால், விடுதியையும் மென்சாவையும் (மாணவர் உணவகம்) நடத்தும் மாணவர் சேவை அமைப்பிலோ பல்கலைக்கழகத்திலோ உளவியல் ஆலோசகர் இருப்பார், பெரும்பாலும் இலவசம். வெட்கப்பட வேண்டாம். என்னோடு படித்த ஜெர்மன் மாணவர்கள் பலர் பல் மருத்துவரிடம் போவது மாதிரி அங்கே போய் வந்தார்கள்.

முறைப்பவர்களும் இருக்கிறார்கள். ரயிலில் ஒருமுறை ஒரு ஆள் "உன் நாட்டுக்குப் போ" என்று கத்தினான். நான் உறைந்து உட்கார்ந்திருந்தேன். எதிரில் பின்னிக்கொண்டிருந்த அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். இரண்டும் ஒரே பெட்டியில்தான் நடந்தது.

கடைசியாக, உடனே செய்ய வேண்டிய ஒன்று. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 'ஹோக்ஷூல்ஷ்போர்ட்' என்று விளையாட்டு வகுப்புகள் உண்டு, கட்டணம் மிகக் குறைவு. செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்கு இணையப் பதிவு திறக்கும். அந்தத் தேதியைப் போனில் அலாரமாக வைத்துவிடுங்கள். பேட்மிண்டன் சில நிமிடத்தில் நிரம்பிவிடும், நம் ஆட்கள் அத்தனை பேரும் அதற்குத்தான் காத்திருப்பார்கள். கிடைக்காவிட்டால் மிச்சமிருப்பதில் ஒன்றை எடுங்கள். எனக்கு மிஞ்சியது சுவர் ஏறும் வகுப்பு. உயரம் என்றால் எனக்கு ஆகாது. ஆனால் அதில் ஒருவர் ஏறும்போது கீழே ஒருவர் கயிறு பிடித்தே ஆக வேண்டும், அதனால் முதல் நாளே யாரோடாவது ஜோடி சேர்த்துவிடுவார்கள். என் ஜோடியாக வந்தவன் யார் தெரியுமா? அந்த ஆய்வக உருளைக்கிழங்கு உருண்டைப் பையன்தான். போன வருடம் அவன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அழைப்பு எட்டு மாதம் முன்னாலேயே வந்துவிட்டது.